ஐந்து நட்சத்திரமும் அரை விநாடியும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர் எவருடைய கணினியைத் திறந்தாலும் ஒரு டஜன் சிறு மென்பொருள்கள் கண்ணில் படும். சுருக்கப்பட்ட கோப்பை விரிக்க ஒன்று, நேர்காணல் ஒலிப்பதிவைக் கேட்க ஒன்று, படங்களைப் புரட்டிப் பார்க்க ஒன்று, பிடிஎஃப் பக்கங்களைப் பிரிக்க ஒன்று, தாய்மொழியில் தட்டச்சிட ஒன்று. இவற்றின் துணையின்றி இன்று ஓர் ஆய்வேடும் முடிவதில்லை. ஆனால் அவற்றைப் பற்றி அதே மாணவரிடமோ அவருடைய நெறியாளரிடமோ கருத்துக் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றைச் சொல்: ‘அருமை’, அல்லது ‘குப்பை’. களப்பணியில் ஒரு தகவலாளியின் கூற்றை மூன்று முறை சரிபார்ப்பவரும், சுவடியின் ஒரு பாடபேதத்துக்கு அரைப்பக்க அடிக்குறிப்பு எழுதுபவரும், தம் ஆய்வு முழுவதையும் தாங்கி நிற்கும் கருவியைப் பற்றிப் பேசும்போது அந்த ஒழுக்கத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குபவர்கூட ஒவ்வொரு காயையும் திருப்பிப் பார்த்துப் பூச்சி துளைத்த இடத்தைத் தேடுகிறார். அறிவுத்துறையினர் தம் கருவிகள்மீது அந்த அளவு கவனத்தைக்கூடச் செலுத்துவதில்லை.

இதைத் தீங்கற்ற அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு மென்பொருளைப் பற்றிய கருத்து இரண்டு வகையாக அமையலாம். ஒன்று தீர்ப்பு, மற்றொன்று சாட்சியம். ‘இது நன்று, இது தீது’ என்பது தீர்ப்பு. ‘இந்தப் பதிப்பில், இந்தக் கோப்பைத் திறந்தபோது, இது நிகழ்ந்தது’ என்பது சாட்சியம். நட்சத்திரக் குறிகளும் அவற்றின் கீழ் எழுதப்படும் ஒற்றை வரிகளும் பயனர்கள் அனைவரையும் நீதிபதிகளாக்கிவிட்டன. சாட்சி கூண்டில் ஏற எவரும் மிஞ்சவில்லை. சாட்சியே இல்லாத மன்றத்தில் வழங்கப்படும் தீர்ப்புக்கு என்ன மதிப்பு உண்டோ, அதே மதிப்புதான் அந்த நட்சத்திரங்களுக்கும் உண்டு.

வரலாறு இதற்குப் போதிய சான்று தருகிறது. 1995-இல் அமெரிக்காவில் சாஃப்ட்ரேம்95 என்ற சிறு மென்பொருள் விற்பனைக்கு வந்தது. கணினியின் நினைவகத்தை இரட்டிப்பாக்குவதாக அது வாக்களித்தது. நினைவகச் சில்லுகள் விலையுயர்ந்திருந்த காலம் அது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. நிறுவியதும் திரையில் நினைவகம் பெருகியதாக எண்கள் காட்டப்பட்டன. வல்லுநர்கள் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தபோதுதான், வாக்களித்த வேலையை அது செய்யவே இல்லை என்பது வெளிப்பட்டது. 1996-இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. காசு கொடுத்து வாங்கிய லட்சக்கணக்கானோரின் ‘வேகம் கூடியதுபோல் இருக்கிறது’ என்ற உணர்வால் கண்டறிய முடியாததைச் சிலருடைய அளவீடு கண்டறிந்தது.

அந்தப் பாடம் கற்கப்படவில்லை. விண்டோஸ் கணினிகளின் ‘ரெஜிஸ்ட்ரி’யைத் துப்புரவு செய்து வேகமூட்டுவதாகச் சொல்லும் கருவிகள் இன்றும் ஆய்வகக் கணினிகளில் குடியிருக்கின்றன. இத்தகைய கருவிகளின் பயன்பாட்டைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தெரிவித்திருக்கிறது. கணினித் துப்புரவுக் கருவிகளிலேயே பெரும்புகழ் பெற்றிருந்த சிகிளீனர், 2017 ஆகஸ்டில் தன் அதிகாரபூர்வப் பதிப்பு ஒன்றினுள் தீநிரலைச் சுமந்தபடி வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களின் கட்டமைப்புக்குள் ஊடுருவியவர்களின் வேலை அது. நிறுவனத்தின் செல்லுபடியாகும் மின்கையொப்பத்தோடு ஏறத்தாழ 22.7 லட்சம் கணினிகளை அப்பதிப்பு சென்றடைந்தது. செப்டம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கும்வரை பயனர்களின் கண்ணுக்கு அது வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தது. ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று அந்த நாட்களில் ஒருவர் எழுதியிருந்தால் அது பொய்யில்லை. ஆனால் அதனால் எவருக்கும் எந்தப் பயனும் இல்லை.

வின்ரார் கதையும் வேறல்ல. அதன் 40 நாள் சோதனைக் காலம் முடிந்த பிறகும் இயங்கிக்கொண்டே இருக்கும் தயாளம் உலகெங்கும் நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. இந்தியக் கல்வி நிலையங்களிலும் அதைப் பற்றிய பயனர் கருத்து பெரும்பாலும் அந்தச் சிரிப்போடு முடிந்துவிடுகிறது. ஆனால் 2019-இல் வெளிவந்த செய்தி சிரிப்புக்குரியதன்று. ஏஸ் என்ற பழைய கோப்பு வகையை விரிப்பதற்காக வின்ரார் பயன்படுத்திய துணை நூலகம் ஒன்றில், 19 ஆண்டுகளாக ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்துவந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அந்த நூலகத்தின் மூலநிரல் வின்ரார் உருவாக்குநர்களின் கையிலேயே இல்லை. ஓட்டையை அடைக்க வழியின்றி, அந்தக் கோப்பு வகைக்கான ஆதரவையே அவர்கள் நீக்கினார்கள். தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாத அந்த மென்பொருளின் பழைய பதிப்புகள், எவரேனும் முனைந்து மாற்றாத கணினிகளில் அப்படியே தங்கிவிடும். ‘எந்தப் பதிப்பு?’ என்ற கேள்வியைக் கேட்காத பயனர் கருத்து, ‘எந்தப் பதிப்பு?’ என்று கேட்காமல் நூலை மேற்கோள் காட்டும் ஆய்வுக்கு ஒப்பானது.

தீர்ப்பு பயனற்றது என்பதோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது ஆயுதமாகவும் ஆகும் என்பதை 2024-இல் உலகம் கண்டது. கோப்புகளைச் சுருக்கும் 7-ஸிப் மென்பொருளை 1999 முதல் வெளியிட்டுவருபவர் இகோர் பாவ்லோவ். அவர் வடிவமைத்த எல்இசட்எம்ஏ என்ற சுருக்கமுறையை லினக்ஸ் உலகுக்குக் கொண்டுசென்ற சிறு கருவித்தொகுப்பு எக்ஸ்இசட். அதைப் பல்லாண்டுகளாக ஏறக்குறைய தனியொருவராகப் பராமரித்தவர் லாசே கொலின். 2022-இல் அவருக்குச் சில பயனர் பெயர்களிலிருந்து புகார்கள் வந்தன: மாற்றங்கள் தாமதமாகின்றன, பராமரிப்பாளருக்கு அக்கறை இல்லை, பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். அப்படி எழுதியவற்றுள் ஒன்று ‘ஜிகர் குமார்’ என்ற இந்தியச் சாயல் கொண்ட பெயர். இது ஊதியமில்லாத வேலை என்றும், நீண்டகால மனநலச் சிக்கல்களால் தம் வேகம் குறைந்திருக்கிறது என்றும் கொலின் பதிலளித்தார். அழுத்தம் தொடர்ந்தது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் உதவிக்கு வந்திருந்தவரின் கைக்குப் பொறுப்பு மெல்ல நகர்ந்தது. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அந்தக் கையிலிருந்து வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கணினிகளுக்குள் கள்ளத்தனமாக நுழைய உதவும் பின்வாசல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. புகார் எழுதியவை போலிப் பெயர்கள் என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட முடிவு.

அந்தப் போலிகள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது. உண்மையான பயனர்கள் நாள்தோறும் பேசும் தோரணையை அவை நகலெடுத்தன, அவ்வளவே. இலவசமாகப் பெறுபவர் எஜமானனின் குரலில் அதட்டுவது வழக்கமாகிவிட்ட சூழலில், சதிகாரரின் அதட்டல் தனித்துத் தெரியவில்லை.

அதே நிகழ்வின் மறுபக்கமும் உண்டு. அந்தப் பின்வாசலைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர். வேறொரு வேலைக்காகத் தம் கணினியின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைநுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். ‘மெதுவாக இருக்கிறது, குப்பை’ என்று எழுதிவிட்டு அவர் நகரவில்லை. எத்தனை விநாடி, எந்தப் பதிப்பு, எந்தச் சூழல் என்று குறித்துக்கொண்டு, தாமதத்தின் ஊற்றுவரை சென்றார். 2024 மார்ச் 29 அன்று தாம் கண்டதை எல்லோரும் சரிபார்க்கத்தக்க வடிவில் பொதுவில் வைத்தார். பராமரிப்பாளரை வீழ்த்த உதவியதும் பயனர் கருத்து. பேரழிவைத் தடுத்ததும் பயனர் கருத்து. முன்னது தீர்ப்பு, பின்னது சாட்சியம்.

இந்தியச் சூழலில் வீடியோலேனின் அனுபவம் இதையே வேறொரு களத்தில் காட்டுகிறது. விஎல்சி பிளேயர் 1996-இல் பாரிஸ் நகரக் கல்லூரி ஒன்றின் மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001-இல் கட்டற்ற உரிமத்தின்கீழ் வந்தது. 2022 பிப்ரவரியில் அதன் அதிகாரபூர்வத் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வரும் வருகைகள் குறிப்பிட்ட நாளிலிருந்து சரிந்ததை வீடியோலேன் தன் பதிவுகளிலிருந்து காட்டியது. இணைய சுதந்திர அறக்கட்டளையின் துணையோடு அக்டோபரில் அரசுக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பியது. நவம்பரில் முடக்கம் நீங்கியது. இந்த நாட்டில் அந்த மென்பொருளுக்குக் கோடிக்கணக்கான பாராட்டுகள் இருந்திருக்கலாம்; முடக்கத்தை அவை நீக்கவில்லை. நாளும் எண்ணும் ஆவணமுமே நீக்கின.

இந்திய மொழிகளில் ஆய்வு செய்வோருக்கு இந்த வேறுபாடு வாழ்வா சாவா என்ற அளவுக்குக் கூர்மையானது. ஆங்கிலத்தில் இயங்கும் ஒரு கருவியின் வழுவை உலகின் ஏதோ ஒரு மூலையில் எவரோ கண்டுபிடித்துவிடுவார். தமிழில் நேரும் வழுவைத் தமிழில் தட்டச்சிடுபவர் மட்டுமே காண முடியும். ‘கொடை’ என்ற சொல்லின் ஒகரக் குறியைக் கணினி ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் அவற்றை இணையானவை என்றே கொள்கிறது. ஆனால் அந்த இணைப்பைச் செய்யாத ஒரு சிறு தேடுகருவி, நூறு இடங்களில் வரும் சொல்லை நாற்பது இடங்களில் மட்டும் காட்டக்கூடும். ‘ஔவை’யை ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சிட்டிருந்தால் தேடலில் அவள் இல்லாமலே போவாள். மலையாளத்தில் 2008-க்குப் பிறகு சில்லெழுத்துகளுக்கு இரண்டு குறியீட்டு வழிகள் புழங்குகின்றன. இந்தியில் கிருதிதேவ் எழுத்துருவில் உள்ள கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் கருவி, மெய்க்கு முன்னே தட்டச்சிடப்பட்ட இகரக் குறியைப் பின்னே நகர்த்த வேண்டும். கூட்டெழுத்துகளில் அது பிசகினால் சொல்லே சிதையும். சொல்லடைவையும் நிகழ்வெண்ணையும் அடிப்படையாகக் கொண்ட ஆய்வு முடிவுகள் இந்தச் சிறு வழுக்களின்மீது கட்டப்படுகின்றன. ‘தமிழுக்குச் சரிப்படவில்லை’ என்று சொல்லிவிட்டு வேறு கருவிக்குத் தாவும் ஒவ்வோர் ஆய்வாளரும், அடுத்த ஆய்வாளர் அதே குழியில் விழ வழிசெய்துவிட்டுப் போகிறார்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. சோற்றில் உப்பில்லை என்று சொல்லச் சமையல் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்கப்படும். வேண்டியதில்லை. ஆனால் ‘உப்பில்லை’ என்பதே ஒரு சாட்சியம். சமைத்தவர் அடுத்த முறை திருத்திக்கொள்ள அது போதும். ‘சாப்பாடு தண்டம்’ என்பதில் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. பயனர் ஏன் ஊதியமின்றிச் சோதனையாளராக உழைக்க வேண்டும் என்ற கேள்வி இதைவிட வலியது. உரிமத்துக்குக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி செல்லுபடியாகும். ஒருவரோ இருவரோ ஊதியமின்றிப் பராமரிக்கும் கருவிகளைப் பொறுத்தவரை, சுரண்டப்படுபவர் யார் என்பதே முதலில் கேட்கப்பட வேண்டும். வழு அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட வேண்டியிருப்பதும், முதல் தலைமுறை மாணவருக்கு அது தடையாக நிற்பதும் மறுக்க முடியாத உண்மை. ஆனால் அந்தத் தடையை நீக்கும் கடமை மாணவருடையதன்று, துறைகளுடையது. கேரளத்தில் 2002-இல் தொடங்கிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு, தம் மொழிக்கான எழுத்துருக்களையும் கருவிகளையும் பயனர்களே திருத்தி வளர்க்க முடியும் என்பதை இரண்டு பத்தாண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறது.

கேட்கப்படுவது பெரிதன்று. ஆய்வேட்டின் முறையியல் பகுதியில், விலையுயர்ந்த புள்ளியியல் மென்பொருளின் பெயர் இடம்பெறுவதுபோல, கோப்பை மாற்றிய, எண்ணிய, தேடிய சிறு கருவிகளின் பெயரும் பதிப்பு எண்ணும் இடம்பெற வேண்டும். மென்பொருளை நூலுக்கும் கட்டுரைக்கும் நிகராக மேற்கோள் காட்ட வேண்டும் என்ற நெறிகள் 2016-லேயே வகுக்கப்பட்டுவிட்டன. இந்தியத் துறைகள் அவற்றைக் கையிலெடுக்கத் தடை ஏதும் இல்லை. முனைவர் பட்டப் பாடப்பணியில் ஒவ்வொரு மாணவரும் தாம் பயன்படுத்தும் கருவிக்கு ஒரு வழு அறிக்கையேனும் எழுதுவதைப் பயிற்சியாக்கலாம். ஆங்கிலம் தயங்குபவருக்கு நெறியாளர் துணைநிற்கலாம். மேற்கோள் எண்ணிக்கையை வைத்துத் தம் மதிப்பை அளக்கும் கல்வியுலகம், தன்னைச் சுமக்கும் கருவிகளுக்கு ஒரு மேற்கோளைக்கூடத் தர மறுப்பது கூச்சத்துக்குரியது.

ஐந்து நட்சத்திரம் இடுவதற்கு ஒரு விநாடி போதும். அதில் எவரும் எதையும் கற்பதில்லை. அரை விநாடித் தாமதத்தை ஒருவர் பொருட்படுத்தியதால் உலகக் கணினிகள் தப்பின. கவனிப்பதையும் குறித்துவைப்பதையும் தொழிலாகக் கொண்டவர்கள் ஆய்வாளர்கள். தம் கருவிகள் முன்னே மட்டும் அந்தத் தொழிலை மறப்பார்களானால், அவர்கள் பெறும் பட்டத்துக்கும் அவர்கள் இடும் நட்சத்திரத்துக்கும் வேறுபாடு இல்லை.