கோச்சியும் குடும்பமும்

புகையிரதம் ஊர்களை இணைத்தது என்று எழுதுவது பள்ளிக்கூடக் கட்டுரைகளில் வழக்கம். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. அதே புகையிரதம் குடும்பங்களைப் பிரித்தும் வைத்தது. அந்த மறுபாதியை நாம் இன்னும் சரிவர எழுதிவைக்கவில்லை.

1902ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1905இல் அது தென்னிலங்கைப் பாதையோடு இணைந்தது. சுன்னாகத்து மக்கள் இருப்புப்பாதை வழியாகவே கொழும்பை அடையலாம் என்ற நிலை உண்டாயிற்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம்பிய சமுதாயத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆங்கிலம் கற்ற ஆண்கள் உத்தியோகம் தேடித் தெற்கே போனார்கள். மனைவியும் மக்களும் முதியோரும் செம்மண் தோட்டத்தோடும் கிணற்றோடும் ஊரில் நின்றார்கள்.

பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும், அரசாங்க வாறண்டில் தந்தை வருவார். லீவு முடிந்ததும் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் முருங்கைக்காயும் கட்டிய பொதிகளுடன் கோச்சி ஏறுவார். இடைப்பட்ட மாதங்களில் மணியோடரை எண்ணிச் செலவிட்டு, காணி வழக்கைக் கவனித்து, மகளின் சீதனத்துக்குச் சேமித்து, வீட்டை நடத்தியவள் தாய். புகையிரத வரலாறுகளில் திறப்புவிழாத் திகதிகள் உண்டு. அவளுக்கு ஒரு வரியேனும் இல்லை.

1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் போர் அதனை நிறுத்திற்று. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் அமைக்கப்பட்டு, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் சுன்னாகம் வழியாகக் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் வந்தது. 1990இல் பிறந்த சுன்னாகத்துப் பிள்ளை தன் ஊரில் கோச்சியைக் காணும்போது, பிள்ளைப் பருவத்தையே கடந்திருந்தது. இரும்பைத் திரும்பப் போட ஒப்பந்தகாரர் உண்டு. ஞாபகத்தைத் திரும்பப் போட எவருமில்லை.

இதெல்லாம் பழங்கதை பேசும் சோம்பல் என்பார் சிலர். பழங்கதை பெருமூச்சோடு நின்றுவிடும். வரலாறு கேள்வி கேட்கும். வாறண்ட் யாருக்குக் கிடைத்தது? மேடையிலே பொதி சுமந்தவர் யார்? தந்தையை லீவு நாட்களில் மட்டுமே கண்ட பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள்? இவற்றுக்கு விடை கந்தோர்க் கோவைகளில் இல்லை. எமது திண்ணைகளில் இருக்கிறது.

சுன்னாகத்துக்கு இது புதிய பணியுமன்று. இவ்வூர் அ. குமாரசுவாமிப் புலவர் தமிழ்ப் புலவர் பலரின் வரலாற்றைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். புலவர்களின் வாழ்வை எழுதிய மண்ணில் சாதாரண மனிதரின் வாழ்வையும் எழுதலாகாதா?

யாழ்தேவி முதன்முதல் ஓடியபோது இருபது வயதாயிருந்தவர்கள் இன்று தொண்ணூறை எட்டிவிட்டார்கள். ஆசிரியர்கள் தம் மாணவரை ஒரு கொப்பியுடன் அவர்களிடம் அனுப்பட்டும். அடுத்த தவணை வரை இதனைத் தள்ளிவைக்க வேண்டாம்.