வென் யிடுவோ என்னும் சீனக் கவிஞர்

செய்யுட்கு வரம்பு வேண்டுமோ என்னும் வினா, புதுமை தலையெடுக்குங்கால் எந்நாட்டினும் எழுவதொன்றாம். சீனத்தில் 1917-ஆம் ஆண்டு, பேச்சுமொழியிலேயே இலக்கியம் இயற்றுதல் வேண்டுமென ஹூ ஷீ என்னும் அறிஞர் எழுதினார். பின்னர் இளங்கவிஞர் பலர் பழைய யாப்பை அறவே நீத்துப் பாடலாயினர். பேச்சுமொழியைக் கொள்க, ஆயின் வரம்பைக் கைவிடற்க என்று அவர்களிடையே நின்று உரைத்தவர் வென் யிடுவோ. அவர் கொள்கை சாலச் சிறந்ததென்பது எமது துணிபு.

1899-இல் ஹூபெய் மாகாணத்திற் பிறந்த இவர், 1922-இல் ஓவியம் பயிலும்பொருட்டு அமெரிக்கா சென்றார். 1923-இல் வெளிவந்த 'செம்மெழுகுவர்த்தி' என்னும் முதல் நூலில் வண்ணங்கள் மிக்குள்ளன, அடக்கம் குறைவு. தாய்நாடு மீண்டபின், 1926-இல் வரைந்த கட்டுரையொன்றில், செய்யுட்கு இசையழகு, ஓவியவழகு, கட்டடவழகு என மூன்றும் வேண்டுமென்றார். 1928-இல் வந்த 'உயிரற்ற நீர்' அக்கொள்கைக்கு இலக்கியமாயிற்று. அப்பெயர் பூண்ட பாட்டு இருபது அடிகளாலாயது. ஒவ்வோரடியிலும் எழுத்து ஒன்பது. ஈரெழுத்துச் சீர் மூன்று, மூவெழுத்துச் சீர் ஒன்று. மூவெழுத்துச் சீர் இடம்பெயர்ந்து வருதலின் ஓசை சலிப்பதில்லை. பொருளோ, நாறித் தேங்கிய குட்டை நீர். நாட்டின் இழிநிலை கண்டு பொங்கிய அச்சினம் வரம்பின்றி வெளிப்பட்டிருப்பின் வெறுங் கூக்குரலாய் முடிந்திருக்கும். கரையுள் அடங்கிய நீர்க்கன்றோ விசை மிகுதி!

இந்நூற்குப்பின் அவர் பாட்டு அருகியது. ஆகவே யாப்பே அவர் கவிதையை நெரித்ததென்பாருமுளர். யாம் அதற்கு உடன்படோம். அவர் பண்டைச் சீனச் செய்யுட்டொகைகளை ஆராய்வதிற் பல்லாண்டு செலவிட்டார். ஜப்பானியப் படையெடுப்பால் 1938-இல் பல்கலைக்கழகம் இடம்பெயர்ந்தபோது, மாணவரோடு சாங்ஷாவிலிருந்து குன்மிங் வரை ஏறக்குறைய 1,000 மைல் வழிநடந்தார். அவ்வழியில் மாணவரொருவர் திரட்டிய நாட்டுப்பாடல்கட்கு முன்னுரையும் வரைந்தார். 1943-இல், முரசறைந்தாற்போன்ற குறுகிய அடிகளாற் போர்க்காலப் பாடல் இயற்றிய தியென் ஜியென் என்னும் இளைஞரைக் காலத்தின் முரசறைவோர் எனப் பாராட்டினார். சீரெண்ணிப் பாடியவர் அளவொவ்வா அடிகளைப் புகழ்வது முரணன்றோ எனின், அன்று. சீரெண்ணிப் பழகிய செவியே முரசின் தாளத்தையும் ஓர்ந்துணரும். அவர் விரும்பியது ஒரு வடிவையன்று. வடிவினுள் நின்று துடிக்கும் உயிரையே.

போர்க்கால வறுமையில் முத்திரைகள் செதுக்கிக் குடும்பம் ஓம்பிய அப்பேராசிரியர், 1946 ஜூலை 15-ஆம் நாள், கொலையுண்ட நண்பர் லீ கோங்பூவின் இரங்கற்கூட்டத்தில் கொலைஞரை அஞ்சாது கடிந்து பேசினார். அன்று பிற்பகலே தாமும் சுட்டுக் கொல்லப்பட்டார். சொல்லை அளந்து ஆளக் கற்றவர் அன்று உயிரை அளவாது ஈந்தார். வரம்பு கோழைகட்குரியதென எண்ணும் மாணவ நண்பர்காள், இவர் வரலாற்றை ஒருமுறை ஊன்றிப் படிமின்!