யாருக்கு யார் வேலை செய்கிறார்கள்?

கம்பம் பள்ளத்தாக்கில் இடத்தின் விலை தெரிய வேண்டுமானால் ஏலக்காய் விலையைக் கேளுங்கள் என்பார்கள் இங்குள்ள புரோக்கர்கள். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட கதையை இன்னும் சலிக்காமல் சொல்கிறார்கள். காய் நல்ல விலைக்குப் போனால் மலையிலிருந்து ஆட்கள் கம்பத்துக்கும் போடிக்கும் வீடு பார்க்க இறங்கிவிடுவார்களாம். 2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்தது இன்னொரு சாக்கு. அதற்குப் பிறகு, ஏழு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிற மனைகூட ‘ஸ்டேஷனுக்குப் பக்கம்’ ஆகிவிட்டது.

நான் புரோக்கரைக் குறை சொல்கிற கட்சி இல்லை. எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை, யார் மகள் கல்யாணத்துக்காக விற்கப் பார்க்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் கிரயம் முடிந்தால்தான் அவருக்குக் காசு. வாங்குகிறவரிடம் இரண்டு சதவீதம், முடிந்தால் விற்கிறவரிடமும் அதே. கிரயத்தை முடித்து வைப்பதே அவர் வேலை. அவரிடமே போய், “பத்திரமெல்லாம் சுத்தமா இருக்காண்ணே?” என்று கேட்கிறோம். “கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி” என்கிறார். வேறென்ன சொல்வார்?

2016இல் வந்த ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதன் ஆணையத்தில் பதிவான மனைத் திட்டத்தை விற்றுத் தரும் புரோக்கரும் அங்கே பதிந்திருக்க வேண்டும். சாலையோரப் போர்டில் அந்தப் பதிவு எண் இருக்கிறதா, நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் தெருவுக்குள் ஒரு பழைய வீடு கைமாறும்போது அந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே புரோக்கரின் வாய்ச்சொல்தான் எல்லாம்.

அடுத்தது பத்திர எழுத்தர். உரிமம் வாங்கியவர், கையெழுத்துப் போடுகிறவர், விவரமானவர். ஆனால் பெரும்பாலும் அவர் செய்வது முந்தைய பத்திரத்தின் சொத்து விவரத்தை அப்படியே எடுத்து எழுதுவதுதான். ‘கிழமேல் ஜாதியடி 30, தென்வடல் ஜாதியடி 40, இந்நான்கு மாலுக்குள்பட்ட மனையும் ஓட்டு வீடும்’ என்று பத்திரத்தில் இருக்கும். போய்ப் பார்த்தால் ஓடு போய் மாடி வந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். மேற்கு எல்லையாகச் சொல்லப்பட்டவர் செத்துப் போய், அவர் பேரனும் வீட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் போயிருப்பார். மேற்குச் சுவர் யாருடையது, பொதுச் சுவரா, கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் பத்திரத்தில் வராது. சர்வேயரைக் கூப்பிட்டு டேப் பிடித்து அளக்க வைத்தால்தான் தெரியும்.

சார்பதிவாளர் இதையெல்லாம் பார்த்துத்தானே பதிவார் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது பதிவு அலுவலரின் அதிகாரத்தில் வராது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான், சொல்லிவிட்டது. மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிய மறுக்கலாம் என்றிருந்த தமிழ்நாட்டு விதி 55ஏ-யையும் அந்தத் தீர்ப்பு செல்லாதென்றது. ஆக, ரப்பர் ஸ்டாம்பு விழுந்த பத்திரத்துக்கு, ‘இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார்’ என்பதற்கு மேல் அர்த்தமில்லை.

“பேங்க்கே லோன் கொடுத்துட்டானே” என்பது அடுத்த ஆறுதல். வங்கியின் வக்கீலும் மதிப்பீட்டாளரும் பார்ப்பது வங்கியின் பணம் திரும்புமா என்பதை. வீட்டுக்கு வழக்கு வந்தாலும் மாதத் தவணை நிற்காது.

இத்தனை பேரில் யாரும் அயோக்கியர் இல்லை. அவரவர் வேலையை அவரவர் செய்கிறார்கள். உங்களுக்காக மட்டும் வேலை செய்பவர், நீங்களே காசு கொடுத்து வைத்துக்கொள்ளும் வக்கீல் ஒருவர்தான். அவரிடம்தான் நம் ஆட்கள் பேரம் பேசுவார்கள். 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம் என்று நாலரை லட்சத்தை அரசாங்கத்துக்கு முணுமுணுக்காமல் கட்டுவார்கள். புரோக்கருக்கு ஒரு லட்சம். வக்கீல் சில ஆயிரம் கேட்டால், “ஒரு பேப்பரைப் பாக்குறதுக்கா?”

என் அத்தை மகன் சின்னமனூரில் வீடு பார்த்தபோது, பேரம் பேசாமல் ஒரு வக்கீலிடம் போனான். வில்லங்கச் சான்றில் ஒரு வில்லங்கமும் இல்லை. பட்டா விற்கிற அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்தது. வக்கீல் ஒரு மணி நேரம் படித்தார். 1986இல் அப்பா வாங்கிய கிரயம், அதற்குப் பிறகு மகன்கள் இருவரும் செய்துகொண்ட பாகப்பிரிவினை, நடுவில் அப்பாவின் சாவு. உயில் இல்லை. “பொம்பளப் பிள்ளை யாரும் இல்லையா?” என்றார்.

புரோக்கர்தான் பதில் சொன்னார்: “ஒண்ணு இருக்கு சார். ராஜபாளையத்துல கட்டிக் கொடுத்தாச்சு. நகையெல்லாம் போட்டாச்சு.”

“அப்ப வரச் சொல்லுங்க.”

அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. நகை போட்டதால் அது அழியாது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். பதியாமல் விட்டுப்போன ஒரு மகளை அது எப்படிக் காட்டும்? வாரிசுச் சான்றிதழ் கேட்டு வாங்கியபோது அந்த அம்மாவின் பெயர் மூன்றாவதாக இருந்தது.

அந்த அம்மா வந்தார். சும்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், நியாயமாகத்தான். அண்ணன்கள் முறுக்கிக்கொண்டு, பிறகு இறங்கி வந்து, தங்கைக்கு ஒரு தொகை பேசி முடிக்க ஐந்து மாதம் ஆனது. கிரயப் பத்திரத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். புரோக்கர் தன் இரண்டு சதவீதத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். அந்த வக்கீலின் பெயரை எடுத்தால் மட்டும் இன்றைக்கும், “நல்லா நடக்குற யாவாரத்தக் கெடுக்குற ஆளுப்பா அவரு” என்கிறார்.