தலையில் தொப்பி! தட்டில் என்ன?

2016-ஆம் ஆண்டு, மே திங்கள். அமெரிக்க நாட்டின் மேற்கு வர்ஜீனியா மாநிலத் தலைநகரமான சார்லஸ்டனில் ஒரு கூட்டம். குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட திருவாளர் டொனால்ட் டிரம்ப் மேடையேறினார். சுரங்கத் தொழிலாளியின் தொப்பியை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். கரி அள்ளுவதுபோலக் கைகளை வீசியும் காட்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது! மாளிகைகளை விற்று வாழ்ந்த கோடீசுவரர், மண்ணைத் தோண்டி வாழ்பவனின் தோழனானார். சுரங்கத் தொழிலுக்கு மறுவாழ்வு தருவேன் என்றார். நவம்பரில் அந்த மாநிலத்தில் நூற்றுக்கு 68 ஓட்டு அவருக்கு விழுந்தது.

ஓட்டளித்த தொழிலாளியை ஏளனம் செய்ய நாம் இதை எழுதவில்லை. அடுப்பு எரியாத வீட்டுக்காரன், 'அடுப்பை எரிய வைக்கிறேன்' என்பவனை நம்புகிறான். நம்பியது குற்றமல்ல. நம்பவைத்தவர் என்ன செய்தார் என்று கேட்காதிருப்பதுதான் குற்றம். கேட்போம்!

உலகம் சூடேறுகிறது என்பதே சீனர்கள் தங்கள் இலாபத்துக்காகக் கட்டிவிட்ட கதை என்று 2012-லேயே எழுதியவர் இவர். கரியை எரித்தால் கரிவளி எழுகிறது. அது வானில் போர்வைபோல் தங்கி வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. இதை இல்லை என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை! ஆலைகள் தோன்றிய காலந்தொட்டு உலகம் கக்கிய கரிவளியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. அந்தப் புகை அந்த நாட்டு எல்லையில் நின்றுவிடுவதில்லை. ஆகவேதான் அந்த நாட்டு வேட்பாளரைப் பற்றி நாமும் பேசுகிறோம்.

பதவிக்கு வந்தார். 2017 ஜூன் திங்களில், பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். தாம் பாரிஸுக்காக அல்ல, பிட்ஸ்பர்க் மக்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றார். பிட்ஸ்பர்க் நகர மேயரோ, பாரிஸ் காட்டிய வழியிலேயே எங்கள் நகரம் நடக்கும் என்று உடனே பதில் கொடுத்தார்!

சரி, உடன்படிக்கை போயிற்று. ஓடைகளில் சுரங்கக் கழிவு சேராமல் காக்கும் விதியும் போயிற்று. வேலை வந்ததா?

வரவில்லை, தோழர்களே! 2017 தொடக்கத்தில் நாடு முழுவதிலும் சுரங்கத் தொழிலாளர் ஏறத்தாழ 50,000 பேர். பெருந்தொற்று பரவும் முன்பே அந்தக் கணக்கு நின்ற இடத்தில்தான் நின்றது. 2021-இல் அவர் பதவி விட்டிறங்கியபோது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2016-இல் நூறு யூனிட் மின்சாரத்தில் 30 யூனிட் நிலக்கரியிலிருந்து வந்தது. 2020-இல் 20 யூனிட்டுக்கும் கீழே இறங்கிற்று. காரணம் என்ன? பாறையைப் பிளந்தெடுத்த எரிவாயு மலிந்தது. காற்றாலையும் சூரியத் தகடும் விலை இறங்கின. நூறு பேர் வெட்டிய கரியை ஒரு பெரும் பொறி வெட்டியது. பொறியையும் சந்தையையும் தொப்பி போட்டுத் தடுக்க முடியுமா?

2019 ஜூலையில் பிளாக்ஜுவல் என்ற நிலக்கரிக் கம்பெனி திவாலாயிற்று. தொழிலாளிக்குத் தந்த சம்பளக் காசோலை வங்கியிலிருந்து திரும்பிற்று. கென்டக்கி மாநிலம் ஹார்லன் மாவட்டத்தில் தொழிலாளர்கள் இருப்புப் பாதையில் அமர்ந்தார்கள். எங்கள் கூலி வராமல், நாங்கள் வெட்டிய கரி போகாது என்று ஏறத்தாழ இரண்டு திங்கள் வழிமறித்தார்கள். அவர்கள் கரிக்குப் பகைவர்களா? இல்லை! உழைப்புக்குக் கூலி கேட்டவர்கள்.

மறுபக்கத்தையும் மறைக்க நாம் விரும்பவில்லை. 2016 மார்ச்சில் திருமதி ஹிலாரி கிளிண்டன், நிலக்கரித் தொழிலாளர் பலருக்கு வேலை போகும் என்று கூட்டத்தில் சொன்னார். அவர்களை மறந்துவிடக்கூடாது என்றும் அடுத்த மூச்சில் சொன்னார். 3,000 கோடி டாலர் திட்டமும் வைத்திருந்தார். ஆனால் தொழிலாளியின் காதில் விழுந்தது முதல் வாக்கியம்! திட்டம் தாளில் இருந்தது. பயம் வீட்டில் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? 2022-இல் பைடன் ஆட்சி இயற்றிய சட்டம், கரித்தூளால் நுரையீரல் கெட்டவர்களுக்கான நிதிக்கு நிலக்கரிக் கம்பெனிகள் கட்டும் வரியை நிரந்தரமாக்கிற்று. நல்ல காரியம். எனினும் 2024 தேர்தலில் அதே மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 ஓட்டு மீண்டும் டிரம்புக்கே! உண்மையை உரைத்தால் மட்டும் போதாது. உலையில் அரிசியும் போட வேண்டும். இதுதான் பாடம்.

2025 ஜனவரியில், பதவியேற்ற நாளிலேயே, பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து விலகும் ஆணையில் மீண்டும் கையெழுத்திட்டார். ஏப்ரலில் தொப்பியணிந்த தொழிலாளரை வெள்ளை மாளிகையில் பின்னால் நிறுத்திக்கொண்டு நிலக்கரிக்கு ஆதரவாக ஆணைகள் பிறப்பித்தார். அதே ஏப்ரலில், மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலைச் சோதிக்கும் அரசு நிலையத்தாருக்கு வேலைநீக்க ஓலை போயிற்று! அப்பலேசிய மலைப்பகுதியின் நடுவே 25 ஆண்டு சுரங்கத்தில் உழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்நோய் உண்டு என்று 2018-இல் கண்டறிந்தார்களே, அந்த நோயைச் சோதிக்கும் நிலையம்! ஒரு தொழிலாளி வழக்குத் தொடுத்தார். மே திங்களில் நீதிமன்றம் அந்தப் பணியை மீட்டுத் தந்தது. தீர்ப்பு பிறந்த ஊர் எது தெரியுமா? சார்லஸ்டன்! தொப்பி போட்ட அதே ஊர்!

புகை இல்லை என்பவன் பொய்யன். புகையைப் பற்றி மட்டும் பேசி, புகையில் உழைப்பவனை மறப்பவன் பாதி மெய்யன். எந்த நாட்டு வேட்பாளராயினும் தொழிலாளி மூன்று கேள்வி கேட்கட்டும்: என் மூச்சுக்கு என்ன காவல்? என் கூலிக்கு யார் பொறுப்பு? சுரங்கம் மூடினால் மறுநாள் காலை நான் எங்கே வேலைக்குப் போவது? இவற்றுக்கு விடை தராதவர் எந்தத் தொப்பியை அணிந்து வந்தாலும், தொப்பியைப் பார்க்காதீர், தட்டைப் பாருங்கள்!