தேதி போட்டுக் கொடு

நில உரிமை பற்றிய கூட்டம். டீ குடிக்க எழுந்த நேரத்தில் தோழர் ஒருவர் என் தோளில் கைபோட்டுக் கேட்டார்: “என்னா தோழர், இன்னும் அந்த நூறு நாள் வேல மனுவத்தான் எழுதிக்கிட்டு இருக்கியா? எழுவது ரூபா நிவாரணத்துக்கு இயக்கம் நடத்துற ஆளு நீ ஒருத்தன்தான்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். கடைசி பஸ் பிடித்துச் சேரி வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. தோழருக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வருகிறது. அது குற்றமில்லை. மூணாந்தேதி ஆகிவிட்டால் சங்கம் கூட்டுவார். அதுவும் நியாயம்தான். என் அம்மாவுக்கு மாசக்கணக்கில் கூலி வராததைக் கேட்டால் மட்டும் அது ‘சலுகை அரசியல்’ ஆகிவிடுகிறதே, அது எப்படி?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கிற நம் தம்பி தங்கைகளுக்கே இது தெரியவில்லை. ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் வந்தது. 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை என ஆறு மாவட்டங்களில் தொடங்கி 2008இல் எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. நூறு நாள் வேலை என்றால் ஊருக்கே தெரியும். அதன் 7ஆம் பிரிவு யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். வேலை கேட்டு மனுக் கொடுத்து 15 நாளில் வேலை தராவிட்டால், பதினாறாம் நாளிலிருந்து சும்மா இருக்கும் நாளுக்கும் காசு தர வேண்டும். நிதியாண்டில் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதற்கு மேல் பாதிக்குக் குறையாமல். சேர வேண்டிய நாளிலிருந்து 15 நாளுக்குள் அது கைக்கு வந்தாக வேண்டும். அந்தச் சட்டத்தில் கூலி மத்திய அரசின் பணமாக இருந்தது, இந்த நிவாரணம் மாநில அரசின் பணமாக இருந்தது. இதில் மாநில அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்று ஒரு வார்த்தையையும் செருகி வைத்தார்கள். எங்கள் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு எத்தனை வேளை சோறு தின்னலாம் என்பதற்குப் பிரிவு எதுவும் இல்லை.

சரி, எந்த நாளிலிருந்து 15 நாள்? இங்கேதான் இருக்கிறது சூது. மனுக் கொடுத்த அன்று தேதி போட்ட ரசீது தரவேண்டும் என்று சட்டம் சொன்னது. ரசீது இல்லாவிட்டால் நீ வேலை கேட்கவே இல்லை. வேலை கேட்காதவளுக்கு ஏது பதினாறாம் நாள்? ஆக, நிவாரணத்தைத் தாமதப்படுத்த அரசாங்கம் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். ஒரு துண்டுத்தாளில் தேதி போடாமல் இருந்தால் போதும். கடிகாரத்துக்குச் சாவியே கொடுக்காமல் நேரம் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

2023 கோடையில் எங்கள் தெருவில் 23 பெண்களுக்கு நான் மனு எழுதினேன். சித்திரை, வைகாசி. கழனியில் வேலை இல்லை. ஊராட்சி ஆபீசில் இருந்தவர் மனுவை வாங்கி மேசை டிராயரில் போட்டார். ரசீது கேட்டோம். “எதுக்கும்மா ரசீது? வேல வந்தா சொல்றோம், போங்க.” என் அம்மா, “குடுத்ததுக்கு அடையாளம் வேணும் சார்” என்றாள். “ஏன், என் மேல நம்பிக்க இல்லியா?” என்று கேட்டார். பாருங்கள் கேள்வியை! நூறு ரூபாய் கடன் கொடுத்தால் எங்களிடம் நாலு இடத்தில் கைநாட்டு வாங்குகிறவர்கள், எங்களுக்குக் கொடுக்கவேண்டிய ஒரு தாளுக்கு நம்பிக்கையைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். சாயந்திரம்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தோம். பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் 23 மனுவையும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். காசு எங்கள் காசு. ஆபீசு போடாத தேதியைத் தபால்காரர் வாங்கிவந்தார். முத்திரையோடு அட்டை திரும்பி வந்த அன்றைக்குத் தெருவே கூடிப் பார்த்தது, பத்தாங்கிளாஸ் ரிசல்ட் மாதிரி. பதினெட்டாம் நாள் ஏரியில் வேலை போட்டார்கள். வேலையே இல்லை என்று சொன்ன வாய்தான். எங்கே போய் முளைத்தது அந்த வேலை? நிவாரணம் தரவேண்டி வந்தால் மேலதிகாரிக்கு ஏன் என்று பதில் எழுத வேண்டும், அதற்கு ஏரியை வெட்டிவிடலாம்! இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த எழுபது ரூபாயின் வேலை அதுதான் தோழர். அது காசு அல்ல, தார்க்குச்சி.

வேலை வந்தது, பழிவாங்கலும் வந்தது. மனுக் கொடுத்தவர்களுக்கெல்லாம் கல்லுத்தரை. கரை ஓரத்து மெத்து மண் ஊர்த்தெருப் பெண்களுக்கு. தண்ணீர் ஊற்றுகிற வேலை எப்போதும்போல ஊர்த்தெருவுக்குத்தான். அது மட்டும் எந்த ஆட்சி வந்தாலும் மாறாது. பதினாறு, பதினேழு ஆகிய இரண்டு நாள் நிவாரணம் என்ன ஆனது? அன்றைக்குத் தமிழ்நாட்டுக் கூலி 294 ரூபாய். கால் பங்கு 73.50. இரண்டு நாளுக்கு 147. இருபத்து மூன்று பேருக்கு 3,381 ரூபாய். இதை எழுதும்வரை வரவில்லை.

நிவாரணத்துக்கு அரசாங்கத் தமிழில் ‘வேலையின்மைப் படி’ என்றும் பெயர். படி என்றதும் என் பாட்டிக்குக் களத்துமேடுதான் நினைவுக்கு வரும். அறுப்பு அறுத்து, கட்டுச் சுமந்து, போரடித்து, தூற்றி, எல்லாம் எங்கள் ஆட்கள். நெல்லை அளக்கும்போது மட்டும் நாங்கள் கடைசி. மணியக்காரனுக்கு அளந்து, கோயிலுக்கு அளந்து, தச்சனுக்கும் வண்ணானுக்கும் அளந்து, இருட்டின பிறகு அடிக்களத்து மண்ணும் கருக்காயும் கலந்து எங்கள் முந்தானையில் விழும். அதுவரை ஓரமாக நிற்க வேண்டும், உட்காரக்கூட முடியாது. கிணற்றடியில் யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தோடு நின்றோம். டீக்கடையில் தனிக் கிளாசுக்கு நின்றோம். தீண்டாமை என்றால் தொடாமல் இருப்பது என்று மட்டும் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்கிறது. நிற்க வைப்பதும் தீண்டாமைதான். அம்பேத்கர் தான் பட்ட அவமானங்களை எழுதிய குறிப்புகளே ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற பொருள்படும் தலைப்பில்தான் வெளிவந்தன. ஏரி வேலைக்கு வந்த சட்டம் எங்களைக் களத்துமேட்டிலிருந்து வெளியே கொண்டுவரும் என்று நம்பினோம். வெளியே வந்தோம், உண்மைதான். வந்து பேங்க் வாசலில் நிற்கிறோம்.

கூலிக்கும் இதே கதைதான். வாரம் ஒருமுறை, எப்படிப் போனாலும் 15 நாளுக்குள் கூலி என்றது சட்டம். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்: தமிழ்நாட்டுக் கூலிப் பாக்கி 1,056 கோடி ரூபாய். பொங்கலுக்கு வரவில்லை. மாசி பிறந்தும் வரவில்லை. கூலி தாமதமானால் நஷ்டஈடு உண்டு, பதினாறாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 0.05 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-25இல் கூலி 319 ரூபாய். முழுக்கூலி போட்டாலே ஆறு நாளுக்கு 1,914. நாளொன்றுக்கு நஷ்டஈடு 96 காசு! மாசத்துக்கு ஒன்றரை வட்டி. அந்த நாலு மாசம் அடுப்பெரிய என் சித்தி வாங்கிய கடனுக்கு அஞ்சு வட்டி. அரசாங்கம் எங்களிடம் ஒன்றரை வட்டிக்குக் கடன் வாங்குகிறது, அதைக் கொடுக்க நாங்கள் அஞ்சு வட்டிக்கு வாங்குகிறோம். இந்த ஒன்றரை வட்டியிலும் மோசடி. கீழே ஆபீசில் ஆன தாமதத்துக்குத்தான் கணக்கு. மேலே மத்திய அரசிடம் பணம் கிடந்து ஊறிய நாட்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தது, 96 காசு வரவில்லை.

இனி நான் சொல்லவந்ததற்கு வருகிறேன். எங்கள் சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை. ஒருவரின் கழனி வரப்பில்தான் பிணம் போகவேண்டும். என் அப்பனை முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு போனோம், தோள் மாற்றும்போது பாடை சரிந்தது. தெருமுனையில் நின்று அதைப் பார்த்தவள் என் அம்மா. 2025 மாசியில் பாதை கேட்டு ஆர்.டி.ஓ.வுக்கு மனு எழுதி வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினோம். என் வீட்டில் நுழைந்தபோது அம்மா மையில் விரல் வைக்க மாட்டேன் என்றாள்.

“நடவுக்கு வர்றேன்னு சொல்லி அந்தாளுகிட்ட ஆறாயிரம் வாங்கியிருக்கேன்டா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவன்மேலயே கைநாட்டு வெப்பேன்? ஏரிக் கூலி வந்திருந்தா நான் ஏன்டா அவன் வாசப்படி ஏறப்போறேன்?”

எங்கள் தெருவில் அப்படி பதினோரு வீடு. நூறு நாள் கூலி வந்துகொண்டிருந்த வருஷங்களில் அவன் வாசலில் யாரும் போய் நின்றதில்லை. நடவு வேண்டுமென்றால் அவன்தான் எங்கள் தெருவுக்கு வண்டி அனுப்பினான், கூலியைப் பேசிக்கொண்டுதான் பெண்கள் ஏறினார்கள். நாலே மாசம் கூலி நின்றது. ஆண்டை திரும்பி வந்துவிட்டான். யாரும் அடிக்கவில்லை, குடிசை கொளுத்தவில்லை. பணத்தை நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். மனு பாதிக் கையெழுத்தோடு போனது. ‘ஊர் மக்களிடையே ஒருமித்த கருத்து இல்லை’ என்று பதில் வந்தது.

நிலம் கேள் என்கிற தோழருக்கு இதைத்தான் சொல்கிறேன். பஞ்சமி நிலத்துக்கு நானும் வருகிறேன். ஆனால் யாரை எதிர்த்துக் கொடி நடப்போகிறோமோ அவனிடம் நேற்று ராத்திரி அரிசிக்குக் கைநீட்டியவளை உங்கள் ஊர்வலத்தில் எப்படிச் சேர்ப்பீர்கள்? வராதவளைப் பயந்தவள் என்பீர்களா? அவள் பயப்படவில்லை. அவளுக்கு வரவேண்டிய காசு வரவில்லை.

சாதியைப் பார்க்காமல் இதை வெறும் நிர்வாகக் கோளாறு என்கிற இடதுசாரி நண்பர்களுக்கும் ஒன்று. 2021 மார்ச்சில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் கூலியை எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொன்னது. ஒரே ஏரி, ஒரே வாரம், ஒரே என்.எம்.ஆர்., ஆனால் கூலி வேறுவேறு நாளில். எங்கள் ஊரில் ஒருமுறை காலனிக்கு முந்தி வந்துவிட்டது. “அவளுங்களுக்கு வந்துருச்சாம், நமக்கு வரலியாம்” என்று குழாயடியில் பத்து நாள் ஏச்சு. கூலியைப் பிந்தி அனுப்பியவன் டெல்லியில், திட்டு வாங்கியவள் என் சித்தி. எதிர்ப்பு வந்து அந்த வருஷக் கடைசியில் அதைக் கைவிட்டார்கள். ஏச்சு நிற்க இன்னும் கொஞ்ச காலம் ஆனது. தாமதத்துக்குச் சாதி தெரியாதாம்!

நூறு நாள் வேலையால் விவசாயம் அழிந்தது, ஆள் கிடைக்கவில்லை என்று பதினைந்து வருஷமாக டீக்கடையில் ஒரு ஒப்பாரி. ஆள் கிடைக்கவில்லை என்றால், சொன்ன கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பொருள். அந்த ஒப்பாரி டெல்லிக்குக் கேட்டுவிட்டது. 2025 டிசம்பரில் பழைய சட்டத்தை நீக்கப் புதிய சட்டம் நிறைவேற்றினார்கள். 125 நாள் வேலை என்று தலைப்பில் போட்டுக்கொண்டார்கள். செலவில் 40 பங்கு மாநிலத்தின் தலையில். இன்னொரு பிரிவு, இதைத் தயவுசெய்து படியுங்கள்: விதைப்பு, அறுவடைக் காலத்தில் வருஷத்துக்கு 60 நாள்வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். கூலியைப் பேசுவதற்கு எங்களுக்குப் பலம் இருக்கிற ஒரே காலம் அதுதான். அந்த அறுபது நாளுக்கு எங்களைக் கையைக் கட்டி ஒப்படைக்கிறார்கள். 2025இல் நாலு மாசம் கூலி நின்றபோது என் தெருவில் நடந்தது, இனி அரசாங்க உத்தரவாகவே நடக்கும்.

போன திங்கட்கிழமை அந்த 3,381 ரூபாய்க்கு மறுபடியும் மனுக் கொண்டுபோனோம். 23 பேரில் நாலு பேர் திருப்பூர் போய்விட்டார்கள், ஒருவர் செத்துப்போனார். பதினெட்டுப் பேர் போனோம். ஒன்றியத்தில் இருந்த அதிகாரி ஒப்புகை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புதுச் சட்டமே வந்தாச்சு, இன்னும் பழசையே கிளறிக்கிட்டு...” என்றார். 2023இல் வேலை கேட்டவர்களுக்கு 2023இல் இருந்த சட்டம்தான் சார் என்றேன். மனுவை வாங்கி ஓரத்தில் வைத்தார். என் அம்மா மேசைக்குப் பக்கத்தில் போனாள். அங்கே காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“தேதி போட்டுக் குடுங்க சார். வாங்கிட்டுப் போறோம்.”

மத்தியானம் மூன்றரை மணிக்குப் போட்டுக் கொடுத்தார்.