வழித்துணையும் வழிமூட்டையும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, அவர்கள் என்னிடம் எதிர்பார்த்தது ஒரு வாழ்த்துரையே. இவ்விழா ஆண்டின் நினைவாகப் பழைய மாணவருட் சிலர் இருவர் இருவராகச் சேர்ந்து, கல்லூரி வாயிலிலிருந்து கதிர்காமம் வரை முதுகில் மூட்டையுடன் நடந்து செல்லக் கருதியுள்ளனர். அவர்தம் கருத்தைப் பாராட்டி இரண்டு பக்கம் எழுதுதலே எனக்கு இடப்பட்ட பணி. கருத்து நல்லது, பாராட்டுகின்றேன். எனினும், சென்ற கூட்டத்தில் அன்பர் ஒருவர் எழுந்து, “இதற்கு ஆயத்தம் எதற்கு? பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாற் போயிற்று, மற்றதை முருகன் பார்த்துக்கொள்வான்” என்றார். அவையினர் கைதட்டினர். யான் தட்டவில்லை. தட்டாமைக்குக் காரணம் கூறவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

முதலில் வழியைப் பற்றிச் சிறிது. கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி எனக் கடலோரமாகவே சென்று பொத்துவிலை அடைய ஏறத்தாழ 70 கிலோமீற்றர். அப்பால் அறுகம் குடா, பாணமை, உகந்தை. உகந்தை மலை முருகன் சந்நிதியோடு ஊர்கள் முடிந்துவிடுகின்றன; காடு தொடங்குகின்றது. குமணைக் காட்டைக் கடந்து, குமுக்கன் ஆற்றில் இறங்கியேறி, யாலைப் பெருங்காட்டினூடே மாணிக்க கங்கைக்கரை சேரும்வரை கடையுமில்லை, வைத்தியருமில்லை. அக்காட்டு வழியும் உற்சவத்தையொட்டிய குறித்த சில நாள்களுக்கே திறந்துவிடப்படும். இடையில் நின்று இளைப்பாறிப் பிறகு போவோம் என்றால் வாயில் அடைபட்டுவிடும்.

‘நம் பாட்டன்மார் ஒரு துண்டும் ஒரு கோலுமாய் நடந்தனரே, அவர்கள் என்ன ஆயத்தஞ் செய்தனர்?’ என்று கேட்பாருளர். கேள்வி நியாயமானதே. வயலுக்கு மூன்று கட்டை, சந்தைக்கு ஐந்து கட்டை, உறவினர் வீட்டு நன்மை தீமைக்குப் பத்துக் கட்டை என ஆண்டு முழுவதும் நடந்த கால்கள் அவருடையவை. அவர்தம் வாழ்க்கையே ஆயத்தமாயிருந்தது. நாமோ சந்தியிலுள்ள கடைக்கும் மோட்டார்ச் சைக்கிளில் போய் வருகின்றோம். மேலும், பண்டை யாத்திரை இடையூறின்றி நடந்ததென்பதும் உண்மையன்று. வாந்திபேதி பரவுதற்கு அஞ்சி ஆங்கில அரசு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கதிர்காம யாத்திரிகரின் தொகையைக் கட்டுப்படுத்திற்று. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த எழுத்தாளர் லெனாட் வூல்ஃபும் அவ்வுற்சவக் கூட்டத்தை மேற்பார்வை செய்தவரே. ஒருவன் குடித்த அழுக்கு நீர் அவனோடு நில்லாமல் உடன் வந்தாரையும் வருத்தியது என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது.

இனி என் கதை. அதைச் சொல்லாமல் விட்டால் என் கருத்துக்கு வலுவில்லை, சொல்லுதற்கோ நாணமாயிருக்கின்றது.

ஆசிரிய கலாசாலையில் என்னோடு பயின்ற நண்பர் ஒருவர் மருதமுனையைச் சேர்ந்தவர், கணித ஆசிரியர், முஸ்லிம். 1990ஆம் ஆண்டளவில் இக்கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊரில் மற்றவர் காலடி வைக்க அஞ்சிய காலத்தை நாங்கள் இருவரும் சிறுவராய்க் கண்டவர்கள். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபொழுது அவர் வீடு அழிந்தது. தாயாரும் அவரும் தம்பியும் பிழைத்தனர். 2013இல் அத்தாயார் நோயுற்றார். கதிர்காமத்தில் முருகன் கோவிலுக்கு அணித்தாக, ஹிழ்ர் நபியின் பெயரால் விளங்கும் பள்ளிவாசலுக்கு நடந்து வருவதாக நண்பர் நேர்ச்சை வைத்தார். “நானும் வருகிறேன், நீர் பள்ளிக்கு, நான் கோவிலுக்கு, வழி ஒன்றுதானே” என்றேன். அவ்வாண்டு நோன்பு ஜூலை இரண்டாம் வாரத்திலே தொடங்கவிருந்தமையால், அதற்கு முன் போய் மீளவேண்டிய அவசரமும் இருந்தது.

யான் செய்த ஆயத்தம் இதுதான்: புறப்படுதற்கு மூன்று நாள் முன்னதாகப் புதுச் சப்பாத்து ஒன்று வாங்கினேன். பையில் நான்கு வேட்டி, இரண்டு போர்வை, ஒரு பித்தளைச் செம்பு, தமக்கையார் அன்போடு தந்த முறுக்குத் தகரம், ஐந்து லீற்றர் தண்ணீர், இவற்றுக்கெல்லாம் மேலே உரையுடன் கூடிய கந்தபுராணம் ஒரு பாகம். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ நிறையுடையதென்பதைப் பள்ளியிற் படித்திருந்தேன், முதுகிற் படித்ததில்லை.

நிந்தவூரிலேயே சப்பாத்துக் கடிக்கத் தொடங்கிற்று. சொல்ல வெட்கி மறைத்தேன். அக்கரைப்பற்றில் இரவு தங்கியபொழுது இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அதனையும் மறைத்தேன். கச்சான் காற்று அனலாய் வீசிய மூன்றாம் நாள், கோமாரியை அணுகுகையில் கொப்புளம் உடைந்து, மணலும் வியர்வையும் புகுந்து, காய்ச்சலும் கண்டது. நண்பர் ஒன்றும் கேளாமல் என் பையை வாங்கித் தம் மார்பில் மாட்டிக்கொண்டார். முதுகில் தம் பை, மார்பில் என் பை! பொத்துவில் சேர்ந்தபொழுது வலக்கால் சப்பாத்துக்குள் நுழையாதபடி வீங்கியிருந்தது. மருந்து கட்டியவர், இக்காலோடு காட்டுக்குள் போகலாகாது எனத் தடுத்துவிட்டார்.

“அடியார் கூட்டம் ஒன்று நாளை புறப்படுகிறது, நீர் அவர்களோடு போம்” என்று கெஞ்சினேன். அவர் போகவில்லை. “உன்னை இப்பிடி விட்டுட்டுப் போனா உம்மா என்னைப் பேசுவா” என்றார். அன்று மாலை பஸ் வண்டியில் இருவரும் ஊர் திரும்பினோம். மூன்று நாள் நடந்த வழி மூன்று மணி நேரத்திற்குள் கண்ணெதிரே பின்னோக்கி ஓடிற்று. அவ்வாண்டு மார்கழியில் தாயார் காலமானார்.

அவர் நடந்து முடித்திருந்தால் தாயார் பிழைத்திருப்பார் என்று யான் கூறவில்லை. அவரும் ஒருநாளும் கூறியதில்லை. ஆயினும், என் சப்பாத்தினாலும் என் வெட்கத்தினாலும் என் நண்பரின் நேர்ச்சை தாயார் கண்மூடுமுன் நிறைவேறாது போயிற்று. ஆயத்தமின்றிப் புறப்படுதல் துணிவு என்பார் இதனைச் சிந்திக்க. அத்துணிவின் விலையை யான் கொடுக்கவில்லை, அவர் கொடுத்தார்.

மூட்டையின் துன்பம் எனக்கு மட்டும் உரியதன்று என்பது பின்னர்த் தெரிந்தது. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் சோரா என்னும் சீடரைத் துணைக்கொண்டு வடதிசைக்கு நெடுநடை சென்றவர். அவர் தம் யாத்திரை நூலில் முதல் நாளே தோட்சுமையை நொந்துகொள்கிறார். வழியனுப்பியோர் தந்த பரிசுகளை எறியவும் மனமில்லை, சுமக்கவும் வலுவில்லை என்ற நிலை அவருக்கு. என் தமக்கையாரின் முறுக்குத் தகரம் அந்நூலைப் படிக்கையில் நினைவுக்கு வந்தது. நம் பத்துப்பாட்டுள் மலைபடுகடாமும் இவ்வகையிற் கற்கத் தக்கது. அதனை வகுப்பில் அணிநயத்துக்காகவே படிப்பிக்கின்றோம். ஆனால் 583 அடிகளில் அப்புலவர், நன்னனிடஞ் செல்லும் கூத்தருக்குப் பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, வழுக்கும் நிலம் எங்கே, எங்கு உணவு கிடைக்கும் என்றெல்லாம் நிரல்படச் சொல்லியே அனுப்புகிறார். வள்ளலின் புகழ் மட்டும் போதும், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடவில்லை.

அடுத்த மூன்று ஆண்டுகளும் நோன்பு மாதம் யாத்திரைக் காலத்தை ஒட்டியே வந்தது. 2017இல் நோன்பு ஜூன் இறுதியில் முடிந்து, உற்சவம் ஜூலை பிற்பகுதியிலே தொடங்கியது. அவ்வாண்டு பங்குனியிலேயே நண்பர் வீட்டுக்குப் போய், “இம்முறை நீர் சொல்வதே சட்டம்” என்றேன்.

கணித ஆசிரியர் அல்லரோ, அவர் எல்லாவற்றையும் அளந்தார். சனிதோறும் வைகறையில் மருதமுனைக் கடற்கரையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தோம். முதல் வாரம் ஐந்து கிலோமீற்றர், பின்னர்ப் பத்து, பின்னர் மூட்டையோடு இருபது. ஈரமணலில் நடப்பது எளிது. காய்ந்த மணலில் ஒரு கட்டை நடப்பது தார்வீதியில் இரண்டு கட்டைக்குச் சமம். நோன்பு மாதத்தில் இரவுத் தொழுகை முடிந்தபின் நடந்தோம். பழகிய செருப்பும் பருத்திக் காலுறையுமே போதுமென்பது இரண்டாம் மாதத்திலே தெளிவாயிற்று. அறுகம் குடாவில் வெள்ளைக்காரப் பயணிகள் முதுகிற் சுமந்து திரியும் விலையுயர்ந்த பைகளைக் கண்டு ஆசைப்பட வேண்டா, பை நடப்பதில்லை.

மூட்டை கட்டிய முறைதான் என் மனத்தை விட்டு நீங்காதது. பாயை விரித்து, அவரவர் கொண்டுசெல்ல விரும்பியவற்றைப் பரப்பினோம். அவர் பையை யான் கட்டவேண்டும்; என் பையை அவர் கட்டவேண்டும்; வேண்டாதது எனக் கண்டதை நீக்கும் உரிமை கட்டுபவருக்கு உண்டு. அவர் எடுத்த எடுப்பிலேயே கந்தபுராணத்தைத் தூக்கி அலமாரியில் வைத்தார். “அவரிட்டத்தானே மச்சான் போறாய்? நேர கேட்டுக்க” என்றார். செம்பு போயிற்று, இரண்டு வேட்டி போயின. என் முறை வந்தது. அவருடைய பொருள்களுள் கனத்த கைத்தறிப் போர்வை ஒன்று இருந்தது. ஒரு கிலோவுக்குக் குறையாது. நீக்குதற்காகக் கையில் எடுத்தேன். தாயார் தறியில் நெய்தது என்பது அதன் கரையைப் பார்த்தவுடன் புரிந்தது. மடித்துப் பையின் அடியில் வைத்தேன். அவரும் யானும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவர் தம்பியின் கடைத் தராசில் நிறுத்தபொழுது, தண்ணீர் நீங்கலாக என் பை ஆறரைக் கிலோ, அவர் பை ஏழரை.

அவல், பொரிமா, பனங்கட்டி, பேரீச்சம்பழம், ஜீவனிப் பொட்டலம் பத்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர், ரோச் விளக்கு ஒன்று, சாரம் இரண்டு, துவாய் ஒன்று. இவை போதுமாயிருந்தன. இக்காலத்திற் காட்டினூடும் ஆங்காங்கே தண்ணீர்த் தாங்கிகள் வைக்கப்படுகின்றன. அவற்றை நம்பிக் குறைவாகச் சுமத்தல் தவறு. பொலித்தீனைக் காட்டில் எறிவதோ பெருந்தவறு. யானை அதனைத் தின்னும்.

பொருளினும் அரியவை நாங்கள் செய்துகொண்ட உடன்பாடுகள். மெதுவாக நடப்பவரே முன்னே செல்லவேண்டும். நோவு கண்டால் அக்கணமே சொல்லவேண்டும்; மறைத்தால் அன்றைய சமையல் அவருடையது. அவர் தொழும் வேளையே எமக்கு இளைப்பாறும் வேளை. இருவருள் ஒருவர் திரும்ப நேர்ந்தால் மற்றவர் போகவேண்டும். இதனைப் புறப்படுமுன்பே கைகொடுத்து உறுதிசெய்தோம். 2013இல் இவ்வொன்றைப் பேசியிருந்தால் போதும். வழியிடையே, காய்ச்சலின் நடுவே, நண்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதனை முடிவு செய்ய யாராலும் இயலாது.

நடையைப் பற்றி விரித்தெழுத இங்கு இடமில்லை. உகந்தையில் இருந்து காட்டுக்குள் அடியார் கூட்டத்தோடேயே சென்றோம். அவர்கள் இட்ட மரக்கறிச் சோற்றையே இருவரும் உண்டோம். குமுக்கன் ஆற்றங்கரையில் ஒரு முதியவள் நண்பரின் காலுக்கு எண்ணெய் தேய்த்து, “எந்த ஊர் மகன்?” என்று கேட்டாள். மருதமுனை என்றார். “அங்க நெய்த சீலை என்னட்ட ரெண்டு இருக்கு” என்றாள். கதிர்காமத்தை அடைந்த மாலை அவர் பள்ளிவாசலுள் தாயாருக்காக ஃபாத்திஹா ஓதினார். யான் அவர் பையையும் பிடித்துக்கொண்டு வாயிலில் நின்றேன்.

ஆதலின் பழைய மாணவ அன்பர்க்கு என் விண்ணப்பம் இது. பெயர் கொடுத்தோர் ஒவ்வொருவரும் தம் துணைவர் யாரென்பதை இம்மாதத்துள் அறிவிக்க. துணைவர் கிடையாதார் இவ்வாண்டு நிற்க. முதற் பயிற்சி நடை, சித்திரை விடுமுறை கழிந்த முதற் சனிக்கிழமை காலை நாலரை மணிக்குக் கல்லூரி வாயிலில் தொடங்கும். புதுச் சப்பாத்து வாங்க எண்ணுவோர் அதற்கு முன்னரே வாங்கிக்கொள்க. மூட்டையைத் தாமே கட்டிக்கொண்டு வரவேண்டா. துணைவர் வந்து கட்டுவார். தராசை என் நண்பர் கொண்டுவர இசைந்துள்ளார்.