அடுத்த ஜனாதிபதி யார்? உ.பி.யில் பா.ஜனதா சறுக்கினால்தான் சி.பி.ராதாகிருஷ்ணனுக்கு சான்ஸ்!
சென்னை,
ஜனாதிபதி திரவுபதி முர்முவின் பதவிக்காலம் 2027-ம் ஆண்டு ஜூலை 24-ந்தேதி முடிகிறது. அதற்குள் அடுத்த ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

யார் அவர்?

துணை ஜனாதிபதி நாற்காலியில் இருப்பவர் திருப்பூர்க்காரர் சி.பி.ராதாகிருஷ்ணன். "அடுத்த படி அதுதானே?" என்று இங்கே பலர் கணக்குப் போடுகிறார்கள்.

ஒரு காலத்தில் அது நேர் ஏணிதான். டாக்டர் ராதாகிருஷ்ணன், ஜாகீர் உசேன், வி.வி.கிரி, ஆர்.வெங்கட்ராமன், சங்கர்தயாள் சர்மா, கே.ஆர்.நாராயணன் ஆகிய ஆறு பேரும் துணை ஜனாதிபதியாக இருந்து ஜனாதிபதி ஆனவர்கள்.

1997-ல் நாராயணன் ஏறினார். அதோடு ஏணி முறிந்தது.

2002-ல் கிருஷண் காந்த் பெயர் பேசப்பட்டது. வந்தவர் அப்துல் கலாம். 2007-ல் பைரோன் சிங் ஷெகாவத் நின்றே தோற்றார். 2022-ல் வெங்கையா நாயுடு பெயர் அடிபட்டது. அவருக்கும் கிடைக்கவில்லை.

கடைசி நேர வெடி

பா.ஜனதா முன்கூட்டி வாயைத் திறப்பதில்லை. ராம்நாத் கோவிந்த் பெயரை 2017 ஜூன் 19-ந்தேதிதான் வெளியிட்டார்கள். முர்மு பெயர் 2022 ஜூன் 21-ந்தேதி. ஒரு மாதத்துக்குள் ஓட்டுப்பதிவே முடிந்துவிட்டது.

எதிரி வீட்டுக்குள் சண்டை மூட்டுகிற பெயராகவும் பார்த்துத் தேடுகிறார்கள். கோவிந்த் பீகார் கவர்னராக இருந்தவர். எதிர் முகாமில் இருந்த நிதிஷ்குமார் அவருக்கு ஆதரவு கொடுத்தார். முர்மு பழங்குடிப் பெண். ஜார்கண்டில் காங்கிரசோடு சேர்ந்து ஆட்சி நடத்திய ஹேமந்த் சோரன் கட்சியே அவர் பக்கம் வந்தது. எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்கா அதே ஜார்கண்ட்காரர்!

ஆந்திராவில் சின்காவுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை.

எதிர்க்கட்சிகள் செய்ததோ முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை தேடிய கதை. சரத்பவார், பரூக் அப்துல்லா, கோபாலகிருஷ்ண காந்தி மூவருமே "ஆளை விடுங்கள்" என்று ஒதுங்கிக் கொண்டார்கள். அதன் பிறகே சின்கா.

2025 துணை ஜனாதிபதி தேர்தலிலும் பா.ஜனதா அதே வித்தையைக் காட்டியது. தமிழரை நிறுத்தினால் தி.மு.க. என்ன செய்யும்? தி.மு.க. அசையவில்லை, முன்னாள் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி சுதர்சன் ரெட்டியை ஆதரித்தது. சி.பி.ஆர். 452-க்கு 300 என்று ஜெயித்தார். (செல்லாத ஓட்டு 15. போட்டவர்கள் எல்லாம் எம்.பி.க்கள்!)

ஆகவே "தமிழர்" என்ற துருப்புச்சீட்டு ஒருமுறை இறக்கியாகிவிட்டது. முர்முவையே திரும்ப நிறுத்துவார்களா? இதுவரை ராஜேந்திர பிரசாத் ஒருவர்தான் இரண்டு தடவை ஜெயித்தவர்.

உ.பி. கணக்கு

இந்தத் தேர்தலில் ஓட்டுக்கு ஓட்டு மதிப்பு வேறு. 1971 மக்கள் தொகையை வைத்துப் போட்ட கணக்கு. தமிழக எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு 176. சிக்கிமில் வெறும் 7. உத்தரபிரதேசத்தில் 208.

தமிழக சட்டசபையின் 234 பேருக்கும் சேர்த்து 41,184. உ.பி.யின் 403 பேருக்கு 83,824. இரண்டு மடங்குக்கும் மேல்!

2019-ல் 303 எம்.பி.க்களைப் பிடித்த பா.ஜனதா, 2024-ல் 240-க்கு இறங்கியது. எம்.பி. ஓட்டு 2022-ல் 700. அந்தக் கணக்கில் 63 இடம் போனது 44,100 ஓட்டு. தமிழக சட்டசபையே கைநழுவியது மாதிரி! மராட்டியம், ஒடிசா, டெல்லி, பீகார் வெற்றிகள் அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பின.

மீதி, 2027 தொடக்கத்தில் நடக்க வேண்டிய உ.பி. தேர்தலில் இருக்கிறது. அங்கே பா.ஜனதா ஜெயித்தால் யாரை நிறுத்தினாலும் கரையேற்றிவிடுவார்கள். தெற்கே திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. சறுக்கினால் சந்திரபாபு நாயுடுவின் தயவு வேண்டும், ஆந்திராவின் மற்ற கட்சியும் வேண்டும், தமிழக எம்.எல்.ஏ.க்களில் சிலரும் வேண்டும். அப்போது தெற்கத்திப் பெயருக்கு மவுசு வரும். சொந்தக் கட்சி இளைத்தால்தான் சி.பி.ஆருக்கு யோகம் என்பது நமது கணக்கு.

இதில் கொறடா உத்தரவு செல்லாது, ஓட்டு ரகசியம். 1969-ல் காங்கிரஸ் நிறுத்திய சஞ்சீவ ரெட்டியே, இந்திரா காந்தி "மனசாட்சிப்படி போடுங்கள்" என்றதும் கிரியிடம் தோற்றார். நியமன எம்.பி.க்களுக்கு ஓட்டு இல்லை. இளையராஜாவும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

"ரப்பர் ஸ்டாம்புதானே சார், யார் வந்தா என்ன?" என்று கேட்பவர்கள் 1996-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. சங்கர்தயாள் சர்மா வாஜ்பாயை அழைத்தார். அந்த மந்திரிசபை 13 நாள் இருந்தது. யாரை முதலில் கூப்பிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தது ஜனாதிபதி ஒருவர்தான்.

2027-ல் வருகிறவர் 2032 வரை இருப்பார். நடுவில், 2029-ல், பாராளுமன்ற தேர்தல் வருகிறது.